சைவ மட்டனும் என் நுரையீரலும்

வயிற்றில் தண்ணீர் மாற்றுகிறவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் படித்து முடித்துவிட்டு "ஐயோ பாவம்" என்று வாட்ஸ்அப்பில் அழுகிற பொம்மை அனுப்ப வேண்டாம். படுக்கையில் கிடந்தபோது அது நிறைய வந்துவிட்டது. ஒரு பொம்மைகூட எனக்கு மூச்சு விட உதவவில்லை.

என் பெயர் செல்வி. மலாய் நாட்டில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் இருக்கிறேன். பள்ளி வேன் ஓட்டுகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் என்கிற குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்த் தமிழ்ப்பள்ளியில் விடுவதும், மதியம் திரும்பக் கூட்டி வந்து வீட்டு வாசலில் இறக்குவதும் என் வேலை. என் கணவர் கணேசன் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அதிகம் பேச மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவதால் வீட்டில் அந்தக் குறை தெரிவதில்லை.

ரத்த அழுத்தம் பல வருஷமாகச் சத்தம் போடாமல் செய்த வேலையில் என் சிறுநீரகங்கள் இரண்டும் படுத்துவிட்டன. அப்போது டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வாரத்தில் மூன்று முறை சென்டருக்குப் போய் இயந்திரத்தில் ரத்தம் கழுவுவது. போக வர நேரத்தோடு சேர்த்தால் பாதி நாள் போய்விடும். மற்றது, வீட்டிலேயே செய்கிற வயிற்று டயாலிசிஸ். தொப்புளுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். அதன் வழியாக ஒரு பை மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட வேண்டும். குடலைச் சுற்றியிருக்கும் சவ்வு ரத்தத்திலிருந்து கழிவையும் கூடுதல் நீரையும் அந்தத் தண்ணீருக்குள் வடித்து அனுப்பும். சில மணி நேரம் கழித்துப் பழைய தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் புதியதை விட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. இதைத்தான் நாங்கள் தண்ணீர் மாற்றுவது என்கிறோம்.

நான் யோசிக்கவே இல்லை. விடிவதற்கு முன் ஒரு பை, பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து ஒரு பை, சாயங்காலம் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. நடுவில் வேன் ஓடும். இயந்திரத்துக்குப் போனால் வேன் நின்றுவிடும். வேன் நின்றுவிட்டால் நான் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும். சுவரைப் பார்க்கிற ஜாதி இல்லை நான்.

குழாய் வைத்த அன்று ஒரு வேண்டுதலும் வைத்தேன். முருகா, என்னை வேன் ஓட்ட விடு, வருகிற தைப்பூசத்துக்கு உனக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. அவர் தன் பங்கைச் செய்தார். வருஷம் முழுக்க வேன் ஓடியது. நானும் என் பங்கைச் செய்ய விரதத்தில் உட்கார்ந்தேன். ஒரு மண்டலம் சைவம், ஒரு நாளைக்கு ஒரு வேளை சாப்பாடு.

டயாலிசிஸ் பார்க்கிற மிஸியிடமோ (நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) டாக்டரிடமோ கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. கள்ளா குடிக்கப் போகிறேன், காய்கறிதானே சாப்பிடப் போகிறேன். சைவம் கிட்னிக்கு நல்லது என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் சொன்னார்கள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

என் கணவரின் அக்கா ராஜம் லூனாஸில் இருக்கிறார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வருஷா வருஷம் விரதம் இருப்பவர். விரத நாட்களில் அவர் வீட்டு அடுப்பில் முட்டைகூட ஏறாது. "வேனையும் ஓட்டிக்கிட்டு தண்ணியும் மாத்திக்கிட்டு நீ எங்கடி சமைக்கப் போற" என்று சொல்லி, எனக்கும் சேர்த்து அவரே சமைத்தார். வேலை முடிந்து வரும் வழியில் என் கணவர் தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டு வருவார்.

அந்தச் சட்டியைத் திறந்தால் விரதம் மாதிரியே இருக்காது. இங்கே விரதம் என்றால் நம்மவர்கள் சீனர் சைவக் கடைக்குத்தான் ஓடுவோம். அங்கே உறைபெட்டியில் சைவ மட்டன், சைவக் கோழி, சைவ மீன் எல்லாம் பொட்டலம் பொட்டலமாக இருக்கும். ராஜம் அக்கா அந்த சைவ மட்டனை மிளகும் சோம்பும் போட்டுப் பிரட்டினால், நிஜ மட்டன் வெட்கப்பட்டு எழுந்து போய்விடும். நான் ஒரு வேளைக்கு ஒரு வேளையாக நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகு நாக்கு வறண்டது. எனக்குக் குடிக்க ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. அளந்துதான் குடித்தேன், ஆனால் அளக்கிற டம்ளர் மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனது. விரதச் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் தண்ணீரை வடித்துவிட்டு எடை பார்ப்பது எங்கள் சட்டம். எடை ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள். என் எடை ஏறவே இல்லை. டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த எடையிலேயே முள் நின்றது. காலில் வீக்கம் இல்லை. மோதிரம் இறுகவில்லை. ராஜம் அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"எடை அப்படியே நிக்குதுக்கா."

"முருகன் பிடிச்சு நிறுத்தியிருக்கான் லா" என்றார்.

முதலில் இருமல் வந்தது. அறுவடைக்குப் பிறகு வயல் எரிக்கிற புகை என்று நினைத்தேன். பிறகு, மல்லாந்து படுத்தால் யாரோ நெஞ்சில் கைவைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. கடைசியில் நாற்காலியில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தேன். கணவர் தன் பாயைக் கொண்டு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டார். தெருமுனை கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள். குடித்தேன். மருந்து இனிப்பாக இருந்தது, மூச்சு அப்படியேதான் இருந்தது.

ஒரு நாள் மதியம் பிள்ளைகளை ஏற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். ஒரே ஒரு படி. ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருகக் கை எழவில்லை. மூச்சு வந்தால்தானே கை எழும். பின்னால் பிள்ளைகள் வழக்கமான சத்தத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுரோட்டில் இப்படி ஆனால் என்ன செய்வேன் என்று நினைத்தபோதுதான் முதல் முறையாகப் பயம் வந்தது. பள்ளிக் காவலரைக் கூப்பிட்டு, இன்னொரு வேன்காரரை வரச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கணவருக்கு போன் செய்தேன்.

பெரிய மருத்துவமனையில் வயிற்று டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே இருக்கிற மலாய் மிஸியை நாங்கள் எல்லாரும் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். எடை பார்த்தார், கால் எலும்பின் மேல் விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை. ரத்த அழுத்தம் மட்டும் மேலே இருந்தது. டாக்டர் ஷாமினி வந்தார். ஈப்போ பக்கத்துப் பெண், என் வயசில் பாதி இருக்கும். என் முதுகில் கருவி வைத்துக் கேட்டார், நாற்காலியில் தூங்குகிற கதையைக் கேட்டார், பிறகு சக்கரம் வைத்த ஒரு சின்ன ஸ்கேன் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார்.

"ஆண்ட்டி, நெஞ்சுல ஸ்கேன் பண்ணிப் பாக்கப் போறேன். வலிக்காது."

"ஸ்கேன் வயித்துக்குத்தானே பண்ணுவாங்க?"

"நுரையீரலுக்கும் பண்ணலாம். பாருங்க, உங்களுக்கே காட்டுறேன்."

அந்தக் களிம்பு ஐஸ் மாதிரி இருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவில் ஒவ்வொரு இடமாக, முன்பக்கம், பக்கவாட்டு, வலது, இடது என்று கருவியை வைத்துக்கொண்டே போனார். திரையைக் காட்டி விளக்கினார். காற்று நிறைந்த நுரையீரலுக்குள் ஸ்கேன் ஒலி போகாதாம், பட்டுத் திரும்பிவிடுமாம். அதனால் நல்ல நுரையீரல் என்றால் திரை கறுப்பாக, குறுக்கே சில கோடுகளோடு இருக்கும். நுரையீரலின் இழைகளில் தண்ணீர் ஊறியிருந்தால், மேலிருந்து கீழே வெள்ளையாகக் கோடுகள் இறங்கும். மூச்சுக்கு மூச்சு அவையும் ஆடும். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை கோடு என்று எண்ணிப் பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை. நிறைய கோடு என்றால் நிறைய நீர்.

என் திரையில் எண்ணுவதற்கே இடம் இல்லை. கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தன. வால் நட்சத்திரம் என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி ஒரு கூட்டம் கீழே இறங்கியது.

"இவ்வளவு தண்ணியா?" என்றேன். "எடை ஏறவே இல்லையே டாக்டர். கால்கூட வீங்கல."

"கால் வீங்காமலே நுரையீரல் நனையும் ஆண்ட்டி. எடை ஏன் ஏறலன்னுதான் எனக்கும் தெரியணும்."

கிருமித் தொற்றாலும் பழைய தழும்பாலும்கூட இப்படிக் கோடு வரலாம் என்பதால் ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், இதயத்தையும் ஸ்கேன் செய்தார்கள். தொற்று இல்லை. இதயம் சுமை தாங்காமல் கொஞ்சம் திணறியது, அவ்வளவுதான். தண்ணீர்தான் என்று முடிவானது. வார்டில் படுக்கை கொடுத்தார்கள்.

மறுநாள் காலை டாக்டர் ஷாமினி என் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் நின்றுகொண்டு பேசினால் நல்ல செய்தி, உட்கார்ந்தால் வேறு என்பது இத்தனை நாளில் எனக்குத் தெரியும்.

"ஆண்ட்டி, ரெண்டு காரணம் இருக்கலாம். ஒன்னு, உங்க வயித்துச் சவ்வு களைச்சுப்போயிருக்கலாம். முன்ன மாதிரி தண்ணியை இழுக்காது. அப்படின்னா இந்த டயாலிசிஸ் உங்களுக்கு ஒத்துவராது. கழுத்துல குழாய் போட்டு இயந்திரத்துக்கு மாத்தணும்."

"மாத்த முடியாது" என்றேன்.

"இன்னும் நான் முடிக்கல ஆண்ட்டி."

"நீங்க முடிங்க. நான் மாற மாட்டேன். காலையில பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்."

கணவர் என் முழங்கையைத் தொட்டார். திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அடக்கப் பயன்படுத்தும் ஒரே ஆயுதம் அது. நான் வாயை மூடினேன்.

"ரெண்டாவது, சவ்வு நல்லா இருக்கலாம், சாப்பாட்டுல ஏதோ நடந்திருக்கலாம்" என்றார் டாக்டர். "இப்ப கடுமையான பை போட்டுப் பாக்கறேன். தண்ணி இழுத்துச்சுன்னா சவ்வு பொழைச்சிருக்குன்னு அர்த்தம். ஸ்கேனும் அடிக்கடி பண்ணுவோம். நுரையீரல் காஞ்சா நீங்க வீட்டுக்குப் போய் உங்க பையையே மாத்தலாம். காயலன்னா, என்கிட்ட சண்டை போடக் கூடாது. சரியா?"

சரி என்று சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் நேராகப் பேசியது பிடித்தது. தலையை ஆட்டினேன்.

பைகளில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வேகமாக நீரை இழுக்கும். மஞ்சள் குறி போட்டது லேசானது, சிவப்புக் குறி போட்டது கடுமையானது. எனக்குச் சிவப்பு தொடங்கியது. சிறுநீர் இன்னும் கொஞ்சம் வந்துகொண்டிருந்ததால் அதைக் கூட்ட மாத்திரையும் கொடுத்தார்கள். காக் ரோஸ் வடிந்த பையைத் தராசில் போடும்போதெல்லாம் நான் கட்டிலிலிருந்து எட்டிப் பார்ப்பேன். உள்ளே விட்டதைவிட வெளியே வந்தது கூடுதலாக இருந்தால் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். முதல் சிவப்புப் பைக்கே கட்டைவிரல் உயர்ந்தது. எனக்கு அழுகை வந்தது, இருமுவது மாதிரி நடித்துச் சமாளித்தேன்.

அப்படியானால் கோளாறு சாப்பாட்டில்தான். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதும் நான் பெருமையாக ஆரம்பித்தேன். விரதம், ஒரு வேளை, கறி மீன் முட்டை எதுவும் தொடவில்லை. வெறும் சைவ மட்டன், சைவ மீன். அவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தது.

"அந்தப் பொட்டலம் கிடைக்குமா ஆண்ட்டி? நாளைக்குக் கொண்டு வரச் சொல்லுங்க."

ராஜம் அக்கா மறுநாள் இரண்டு பொட்டலங்களோடு வந்தார். தன் சமையலை டாக்டர் விசாரித்தார் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். டாக்டர் பொட்டலத்தைத் திருப்பி, பின்னால் மலாயில் பொடிப் பொடியாக அச்சடித்திருந்ததை வாசித்துச் சொன்னார். இந்த வகையில் காளான் காம்பும் மாவும்தான் முக்கியமாக இருந்தன. புரதம், அதாவது சதை வளர்க்கிற சத்து, பேருக்குத்தான். உப்பு மட்டும் தாராளமாக இருந்தது. அதற்கு மேல் சோயா சாஸ் வேறு.

"அக்கா, பேர்லதான் இதுல மட்டன் இருக்கு" என்றார் டாக்டர் மெதுவாக. "இவங்க ஒவ்வொரு தடவை தண்ணி மாத்தறப்பவும் அந்தத் தண்ணியோட கொஞ்சம் புரதமும் வெளிய போயிடும். அதனால மத்தவங்களைவிட இவங்க கூடுதலா சாப்பிடணும். ஒரு வேளை சாப்பாடு, அதுலயும் புரதம் இல்ல. அதனால சதை கரைஞ்சிருச்சு. உப்பு தாகத்தைக் கெளப்பி, தண்ணியைப் பிடிச்சு வச்சிருச்சு. போன சதையோட எடைக்கு வந்த தண்ணி சரியா உக்காந்துருச்சு. தராசுக்கு சதை எது, தண்ணி எதுன்னு தெரியாதுல்ல?"

நான் என் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் வளையல் எப்போதோ தளர்ந்திருந்தது. விரதத்தில் மெலிந்து அழகாகிவிட்டேன் என்று கோயிலில் ஒருத்தி சொன்னதும், நான் வெட்கப்பட்டதும் ஞாபகம் வந்தது. எனக்குள்ளிருந்து நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போக, அந்த இடத்தில் தண்ணீர் குடியேறியிருக்கிறது.

டாக்டர் போன பிறகு ராஜம் அக்கா பொட்டலங்களைப் பையில் திணித்துக்கொண்டே, "நான்தான்டி உனக்கு ஊட்டுனேன்" என்றார்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்கக்கா. தின்னது நான். ருசியா வேற இருந்துச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உணவு ஆலோசகர் சொன்னது எளிது. உப்பை நிறுத்து, மூன்று வேளை சாப்பிடு, சத்தைக் கூட்டு. தவ்ஃபூ என்கிற சோயாக்கட்டி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வயிறு நிறையத் தண்ணீரும் நெஞ்சு நிறைய மூச்சிரைப்புமாக இருந்த எனக்கு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கொஞ்சமாகச் சாப்பிட்டு நிறையச் சத்து கிடைக்க வேண்டும் என்றால் இப்போதைக்கு முட்டையின் வெள்ளைக்கருதான் நல்ல வழி என்றார். அதையே காலையும் மதியமும் இரவும் சாப்பிடச் சொன்னார்.

தைப்பூசத்துக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. வார்டில் வந்த தட்டில் முட்டை இருந்தது. மூடியைத் திறந்தேன், திரும்ப மூடினேன். வேன் ஓட்ட விடு என்று கேட்டு வைத்த வேண்டுதல். இதை உடைத்தால் வேன் போகும் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. இதைச் சாப்பிடாவிட்டால்தான் வேன் போகும் என்று திரையில் பார்த்த வெள்ளைக் கோடுகள் சொல்லின. பயந்து பழக்கம் இல்லாதவள் நான், அன்றைக்கு ஒரு முட்டைக்குப் பயந்தேன். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எடுத்துப் போகட்டுமா என்று தட்டைக் காட்டிக் கேட்டார். தட்டு அப்படியே திரும்பிப் போனது.

இதை அவர் தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். பேசாத மனிதர் பேசினால் அதற்கு ஒரு பலன் இருக்கத்தான் செய்கிறது. மறுநாள் காலை பார்வையாளர் நேரம் தொடங்கியதும் ராஜம் அக்கா வந்தார். தலை ஈரம், நெற்றியில் திருநீறு, கழுத்தில் விரத மாலை. தூக்குச் சட்டியைத் திறந்தார். உள்ளே அவித்த முட்டைகள்.

"அக்கா, உங்க வீட்டு அடுப்புலயா?"

"ஆமா. அடுப்பு என்னா, கழுவுனா போயிடும்."

கட்டிலில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து ஓட்டை உரித்தார். விரதத்தில் இருக்கிற கை. ஓடு ஒரு துணுக்குகூட ஒட்டாமல் பொறுமையாக உரித்து, இரண்டாகப் பிளந்து, மஞ்சளை எடுத்துப் பக்கத்தில் நின்ற தன் தம்பிக்கு, அதாவது என் கணவருக்கு, கொடுத்துவிட்டு, வெள்ளையில் உப்பில்லாமல் மிளகுத்தூள் மட்டும் தூவி என் வாயருகே கொண்டு வந்தார்.

"என் வேண்டுதல்க்கா" என்றேன்.

"நீ சாப்பிடு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

வாயைத் திறந்தேன். பக்கத்துக் கட்டில் சீன அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஏன் ஒரு முட்டையை வைத்துக்கொண்டு அழுகிறோம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து நான் முட்டையை மருந்து மாதிரிச் சாப்பிட்டேன். குமட்டினாலும் சாப்பிட்டேன். தாகத்துக்கு ஒரே ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். காக் ரோஸ் ஐஸ் எடுத்து வரும்போது "சபார், காக்" என்பார். பொறுமையாக இரு என்று அர்த்தம். எனக்குப் பொறுமை கிடையாது, பிடிவாதம் உண்டு. இந்த நோய்க்கு அதுவும் போதும் என்று கண்டுகொண்டேன்.

டாக்டர் ஷாமினி அவ்வப்போது இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வருவார். நான் திரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முதலில் சேர்ந்து கிடந்த வெள்ளை பிரிந்து தனித்தனிக் கோடானது. பிறகு மேற்பக்கம் தெளிந்தது. அடிப்பக்கம் மட்டும் பிடிவாதமாக நின்றது. என்னோடு பிறந்த நுரையீரல், என்னை மாதிரித்தானே இருக்கும். தைப்பூசத்தன்று நான் வார்டில்தான் இருந்தேன். ராஜம் அக்கா தன் பால்குடத்தை எடுத்து முடித்துவிட்டு வெயிலில் கறுத்த முகத்தோடு வந்து எனக்குத் திருநீறு வைத்தார். சாமியிடம் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ளது. என் பால்குடம் கடனாக நிற்கிறது. அதை நானே எடுப்பேன், மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு எடுப்பேன்.

வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆனால் முடிவு சொல்லவில்லை. வீட்டுச் சாப்பாட்டில், வழக்கமான பைகளில் எப்படி இருக்கிறேன் என்று பார்த்த பிறகுதான் சொல்வேன் என்றார் டாக்டர். கணவர் சமையலறையிலிருந்து சாஸ் பாட்டில்களையும் ஊறுகாயையும் எடுத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். எனக்காக அவரும் உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "சூடா இருக்கு" என்பார்.

குறித்த நாளில் கிளினிக்குக்குப் போனோம். காக் ரோஸ் என்னைத் தராசில் ஏற்றினார். முள் நின்ற இடத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நான் இறங்கவில்லை. தண்ணீரெல்லாம் போன பிறகு மிச்சம் இருந்த என் நிஜமான எடை அது. அவ்வளவு சின்ன ஆளாகிவிட்டேனா என்று வருத்தமாக இருந்தது. உள்ளே படுக்க வைத்து டாக்டர் கருவியை விலாவில் வைத்தார். மல்லாந்து படுத்திருக்கிறேன், மூச்சு தானாக வருகிறது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. வலது பக்கம் முடித்தார், இடது பக்கம் முடித்தார். கணவர் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், அதை ஏன் கையில் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பு. குறுக்கே மெல்லிய கோடுகள். அடியில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு வந்து வந்து மறைந்தது.

"ஒன்னு ரெண்டு எல்லாருக்கும் இருக்கும்" என்றார். "சவ்வு நல்லா வேலை செய்யுது. இயந்திரம் வேணாம். புது எடை இதுதான், ஆனா இது இப்படியே நிக்கக் கூடாது. நீங்க சாப்பிட்டுச் சதை போட்டா நான் ஏத்திக் குறிப்பேன். இனிமே எடையை மட்டும் நம்ப மாட்டேன், வரும்போதெல்லாம் நெஞ்சையும் பாப்பேன்."

"நல்லாப் பாருங்க" என்றேன். "நான் எப்ப வேன் எடுக்கலாம்?"

"கொஞ்சம் ஓய்வெடுத்துட்டு, மூச்சு வாங்காம இருந்தா எடுங்க."

சொன்னபடி ஓய்வெடுத்தேன். கெடாவில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டு விலகும் முன்பே பையை மாற்றிவிட்டு, இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டு, வேனில் ஏறினேன். ஒரு படி. ஏறியபின் கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. தோட்டத்து முனையில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். எனக்குப் பதிலாக ஓட்டிய அங்கிள் பாட்டு போட விடவில்லை என்று ஏறும்போதே புகார் ஆரம்பித்தது. முன் இருக்கையில் எப்போதும் உட்காரும் நாலாம் ஆண்டு தர்ஷினி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆண்ட்டி, ஆஸ்பத்திரில உங்களுக்கு என்னா பண்ணாங்க?"

"நெஞ்சுக்குள்ள படம் புடிச்சுப் பாத்தாங்க."

"உள்ள என்னா இருந்துச்சு?"

"கடைசியாப் பாத்தப்ப ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கா இத்தனை நாள் லீவு போட்டீங்க?"

வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்து முடித்த பிறகும் மூச்சு மிச்சம் இருந்தது.

"ஒன்னுமில்லாம ஆக்குறதுக்குத்தான்டி இத்தனை நாள்" என்றேன். "பெல்ட்டைப் போடு, ஸ்கூலுக்கு லேட்டாவுது."